எரிமலைப் பாறையில் பதிந்த திசை: புவிக் காந்தம் தலைகீழாவது பற்றி யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தர வகுப்பில் பாறைகளைப் படிப்பிக்கும்போதும் ஊர்ச் சனசமூக நிலையங்களில் பேசக் கூப்பிடும்போதும் இந்த விடயத்தை எடுத்தால் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. நல்ல கேள்விகள் அவை. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்து, என்னால் இயன்றவரை தெளிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

எரிமலைப் பாறைக்குள் காந்தம் எங்கிருந்து வந்தது? அது இரும்புக் கல்லா?

எரிமலைக் குழம்பு ஆறி உண்டாகும் கறுத்த பாறையைப் பசால்ட் என்கிறோம். அதில் மக்னடைட் என்ற இரும்புக் கனிமம் நுண்மணிகளாகக் கலந்திருக்கிறது. பாறையின் நிறையில் அது சிறு பங்குதான்; மணிகளில் பல வெறுங்கண்ணுக்குத் தெரியாதவை. ஆனாலும் பாறை ஆறிய காலத்தில் பூமியின் காந்தப்புலம் எந்தத் திசையில் இருந்தது என்பதை அந்த மணிகள்தான் பிடித்து வைத்திருக்கின்றன.

ஆணியை இழுக்கும் பலமெல்லாம் இந்தக் காந்தத்துக்கு இல்லை. ஆய்வுகூடத்தில் நுட்பமான காந்தமானியில் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

காந்தத் துருவம் தலைகீழாவது என்றால் பூமியே புரளுமா?

புரளாது. பூமி சுழலும் அச்சு, சூரியன் உதிக்கும் திசை, பருவங்கள் எதுவும் மாறுவதில்லை. மாறுவது காந்தப்புலம் மட்டும். இன்று யாழ்ப்பாண நகரில் திசைகாட்டியை வைத்தால் ஊசியின் வடமுனை காங்கேசன்துறைப் பக்கம் திரும்புகிறது. 8 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் இதே இடத்தில் அதே ஊசியை வைத்திருந்தால் அந்த முனை கடலேரியைத் தாண்டிப் பூநகரிப் பக்கம் காட்டியிருக்கும்.

பாடநூலில் பூமிக்குள் ஒரு சட்டக் காந்தம் வரைந்திருக்கிறதே, அது எப்படித் திரும்பும், ரீச்சர்?

காந்தப்புலத்தின் வடிவத்தைக் காட்டுவதற்காக வரைந்த படம் அது. பூமிக்குள் அப்படி ஒரு சட்டம் கிடையாது, இருக்கவும் முடியாது. இரும்பு 770 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால் நிலைக்காந்தத் தன்மையை இழந்துவிடும். பூமியின் நடுப்பகுதியான அகணியோ ஆயிரக்கணக்கான பாகை வெப்பத்தில் இருக்கிறது.

ஏறத்தாழ 2,900 கிலோமீற்றர் ஆழத்தில் வெளி அகணி தொடங்குகிறது. அங்கே உருகிய இரும்பும் நிக்கலும் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. மின்னைக் கடத்தும் திரவம் காந்தப்புலத்துக்குள் ஓடினால் மின்னோட்டம் தூண்டப்படும். அந்த மின்னோட்டம் மீண்டும் காந்தப்புலத்தை வளர்க்கும். உயர்தரப் பௌதிகவியலில் படிக்கும் மின்காந்தத் தூண்டல்தான் இது. இந்த விதிகளுக்கு வடக்கு, தெற்கு என்ற பாகுபாடு இல்லை. புலம் இப்படி இருந்தாலும் தலைகீழாக இருந்தாலும் சமன்பாடுகள் ஏற்றுக்கொள்ளும். திரவத்தின் ஓட்டம் குழம்பும்போது பிரதான புலம் எப்போதாவது மிகவும் பலவீனமாகி, பிறகு எதிர்த்திசையில் வளர்ந்துவிடுகிறது.

குழம்பு உருகியிருக்கும்போது அந்த மணிகள் குட்டித் திசைகாட்டி ஊசிகளாகத் திரும்பி நிற்கின்றன என்று படித்தேன். சரிதானே?

பல இடங்களில் அப்படி எழுதியிருக்கிறார்கள். அது தவறு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழு விடயமும் இதில்தான் தங்கியிருக்கிறது.

பசால்ட் குழம்பு 1,100 முதல் 1,200 பாகை வெப்பத்தில் வெளியே வருகிறது. 1,000 பாகைக்குக் கிட்ட வரும்போதே ஏறத்தாழ முழுவதும் கெட்டியாகிவிடும். மக்னடைட்டோ 580 பாகைக்கு மேல் காந்தமே அல்ல. இந்த எல்லைக்குக் கியூரி வெப்பநிலை என்று பெயர். பியர் கியூரி 1895இல் வெளியிட்ட ஆய்வின் நினைவாக வந்தது. ஆகவே, காந்தம் பதியத் தொடங்கும் நேரத்தில் மணிகள் கல்லுக்குள் இறுகிப் போயிருக்கும். அவற்றால் அசையவே முடியாது.

திரும்புவது மணி அல்ல, மணிக்குள் இருக்கும் காந்தத் திசை. வெப்பநிலை 580 பாகைக்குக் கீழே இறங்கியதும் ஒவ்வொரு மணியும் தன் பளிங்கு அமைப்புக்கு இசைவான அச்சு ஒன்றின் வழியே காந்தமாகிறது. அந்த அச்சில் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது முதலில் நிலையில்லாமல் மாறிக்கொண்டே இருக்கும். புவிக் காந்தப்புலம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் சற்றுக் கூடுதலான மணிகள் சாயும். இன்னும் ஆறும்போது அந்தச் சாய்வு அப்படியே உறைந்துவிடும். உறைந்த திசை பல கோடி ஆண்டுகள் ஏன் அழியாமல் நிற்கிறது என்பதை 1949இல் பிரெஞ்சு அறிஞர் லூயி நீல் கணித்துக் காட்டினார். 1970இல் நோபல் பரிசு பெற்ற அதே நீல்தான்.

மணிகள் உண்மையாகவே திரும்பிப் படிவது நீரடியில் சேறு படியும்போது. அது வேறு முறை. இரண்டையும் போட்டுக் குழப்பியதால் வந்த தவறு இது.

தலைகீழ் காந்தத்தை முதலில் கண்டவர் யார்?

பெர்னார்ட் புரூன் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர். பிரான்சின் கந்தால் மாவட்டத்தில் பொன்ஃபரன் என்ற இடத்தில் எரிமலைக் குழம்பு களிமண் படையொன்றின் மேல் ஓடி அதைச் செங்கல்லாகவே சுட்டிருந்தது. மேலே இருந்த பாறையையும் கீழே இருந்த சுட்ட களிமண்ணையும் அவர் அளந்தார். இரண்டிலும் காந்தத் திசை இன்றைய புலத்துக்கு நேர் எதிராக இருந்தது. 1906இல் இதை வெளியிட்டார்.

அவர் இரண்டையும் அளந்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பாறையில் மட்டும் தலைகீழாக இருந்திருந்தால் பாறையின் குணம் என்று விட்டுவிடலாம். வேறு பொருளால் ஆன களிமண்ணும் அதே திசையைக் காட்டினால், இரண்டையும் சூழ்ந்திருந்த புலமே அப்படி இருந்தது என்றுதான் கொள்ள வேண்டும். பிறகு ஜப்பானில் மொத்தொனோரி மத்துயாமா, ஜப்பான், கொரியா, மஞ்சூரியா ஆகிய இடங்களின் பாறைகளை ஆராய்ந்து, இளைய பாறைகள் நேராகவும், அதாவது இன்றைய புலத்தின் திசையிலும், அவற்றைவிட மூத்தவற்றில் பல தலைகீழாகவும் இருப்பதை 1929இல் எழுதினார். தலைகீழானது காலத்தோடு தொடர்புள்ளது என்று முதலில் காட்டியவர் அவர்.

இன்று நாம் வாழும் நேர்த்திசைக் காலத்துக்குப் புரூன் காலம் என்றும், அதற்கு முந்திய தலைகீழ்க் காலத்துக்கு மத்துயாமா காலம் என்றும் பெயர். இரண்டுக்கும் இடையிலான எல்லை சுமார் 7 இலட்சத்து 73 ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தியது.

பூமி மாறவில்லை, கல்தான் தானாகத் தலைகீழாகிவிட்டது என்று ஒருவர் சொன்னால்?

அறிஞர்களே அப்படிச் சொன்னார்கள். அதற்கு ஆதாரமும் கிடைத்தது. 1950களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஹருணா எரிமலைப் பாறையை ஆய்வுகூடத்தில் சூடாக்கி ஆறவிட்டபோது, அது சுற்றியிருந்த புலத்துக்கு எதிர்த்திசையில் காந்தமானது. தாக்கேசி நகாத்தாவும் அவருடைய மாணவர்களும் செய்த ஆய்வு அது. அதனால் பல ஆண்டுகள் இந்தத் துறையில் பெரிய ஐயம் நிலவியது.

அந்த ஐயத்தைத் தீர்த்தது வயது. கல்லின் குணம்தான் காரணம் என்றால், ஹவாயில் ஒரு காலத்திலும் ஐரோப்பாவில் வேறொரு காலத்திலும் என்று ஒழுங்கில்லாமல் தலைகீழ்ப் பாறைகள் கிடைக்க வேண்டும். அப்படிக் கிடைக்கவில்லை. ஒரே வயதுப் பாறைகள் உலகின் எந்த மூலையிலும் ஒரே திசையைக் காட்டின. ஹருணாப் பாறையைப் போலத் தானாகத் தலைகீழாகும் கற்கள் மிக அரிது என்பதும் தெரியவந்தது.

வயதை எப்படித் திட்டமாகச் சொல்கிறீர்கள்?

பொற்றாசியத்தில் மிகச் சிறு பங்கு கதிரியக்கமுள்ள பொற்றாசியம்-40. அது 125 கோடி ஆண்டுகளில் பாதியாகக் குறையும் வேகத்தில் சிதைகிறது. அதில் ஒரு பகுதி ஆகன் வாயுவாக மாறுகிறது. குழம்பு உருகியிருக்கும்போது ஆகன் வெளியேறிவிடும். கெட்டியான பிறகு உண்டாகும் ஆகன் உள்ளே சிக்கிக்கொள்ளும். எவ்வளவு ஆகன் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் பாறை உறைந்த வயது வருகிறது. எரிமலைப் பாறை இந்த ஆய்வுக்கு இவ்வளவு உகந்ததாக இருப்பது இதனால்தான்: அதே பாறை திசையையும் வைத்திருக்கிறது, தன் வயதையும் வைத்திருக்கிறது.

1963இலிருந்து அமெரிக்காவில் அலன் கொக்ஸ், ரிச்சர்ட் டோல், பிரென்ற் டால்ரிம்பிள் ஆகிய மூவரும், அவுஸ்திரேலியாவில் இயன் மக்டூகல், டொன் டார்லிங் ஆகியோரும் போட்டி போட்டு இந்தக் கால அட்டவணையைக் கட்டினார்கள். 1966இல் நியூ மெக்சிகோவின் ஹரமீயோ ஓடைக்கருகே கிடைத்த பாறைகள், மத்துயாமா காலத்துக்குள்ளேயே சுமார் 10 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் புலம் சிறிது காலம் நேராகி மீண்டும் தலைகீழானதைக் காட்டின.

எத்தனை தடவை மாறியிருக்கிறது? கணக்குப்படி அடுத்தது வந்திருக்க வேண்டும் என்கிறார்களே?

கடந்த 8 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளில் ஏறத்தாழ 180 தடவை. ஆனால் அதில் எந்தத் தாள ஒழுங்கும் இல்லை. சில காலங்கள் சில பத்தாயிரம் ஆண்டுகளில் முடிந்துவிட்டன. அதற்கு முன்னால், டைனோசர்கள் வாழ்ந்த கிரெத்தேசியக் காலத்தில், 3 கோடியே 70 இலட்சம் ஆண்டுகளுக்கும் மேலாகப் புலம் ஒரே திசையில் நின்றது. தவணை தவறியது, நாள் கடந்தது என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை. பஸ் அட்டவணை வைத்து ஓடும் விடயம் அல்ல இது.

பிள்ளை, நாங்கள் கிணறு வெட்டும்போது எத்தனையோ அடி கல்லை உடைத்திருக்கிறோம். அந்தக் கல்லில் இதெல்லாம் இல்லையா?

நீங்கள் உடைத்தது சுண்ணாம்புக்கல், ஐயா. மயோசீன் காலத்தில் ஆழமற்ற கடலின் அடியில் சிப்பிகளும் முருகைகளும் சேர்ந்து படிந்து உண்டானது. அதில் குகைகளும் வெடிப்புகளும் ஓடுவதால்தான் கீரிமலையில் கடற்கரையிலேயே நன்னீர் ஊறுகிறது, நிலாவரைக் கிணறு அவ்வளவு ஆழமாக இருக்கிறது. எரிமலையோடு அதற்கு ஒரு தொடர்பும் இல்லை.

சுண்ணாம்புக்கல்லிலும் காந்த மணிகள் சிறிது இருக்கலாம். மேலே சொன்ன, நீரடியில் திரும்பிப் படியும் வகை. ஆனால் காந்தம் மிகமிகப் பலவீனமானது. குடாநாட்டின் மேற்பரப்பில் எரிமலைக் குழம்புப் படைகள் கிடையாது.

அப்படியென்றால் எங்கள் வீட்டு அம்மி? அது கறுத்த கல்தானே?

இங்குள்ள அம்மி, ஆட்டுக்கல் பெரும்பாலும் கிறனைற்று அல்லது நைஸ் வகைக் கல்லில் கொத்தியவை. குடாநாட்டுக்கு வெளியே இருந்து வந்தவை. இலங்கையின் பெரும்பகுதி மிகப் பழைய உருமாறிய பாறை. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பாறைகள் ஆழத்தில் கிடந்து கடும் வெப்பத்தில் வெந்தன. தீவின் நடுப்பகுதிப் பாறைகள் 800 பாகைக்கும் மேல் சூடாகியிருக்கின்றன. கியூரி வெப்பநிலையைத் தாண்டினால் பழைய காந்தப் பதிவு அழிந்துவிடும் என்பதை முன்பே பார்த்தோம். ஆகவே அதற்கு முந்திய திசைகளை அவற்றில் தேட முடியாது.

அம்மி பசால்டாகவே இருந்தாலும் பயன் இல்லை. எந்த மலையில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று தெரியாத கல்லில் காந்தத் திசையைக் காட்டும் அம்பு இருந்தும் அதற்குப் பொருள் இல்லை. கல்லைப் பெயர்ப்பதற்கு முன் அதன் கிடையைக் குறித்துக்கொள்வதுதான் இந்த ஆய்வின் முதற் பாடம்.

நமக்குப் பக்கத்தில் எங்கே போனால் பார்க்கலாம்?

தக்காணத்தில். மகாராட்டிரத்தையும் அயல் மாநிலங்களையும் மூடி ஏறத்தாழ 5 இலட்சம் சதுர கிலோமீற்றர் பரப்பில் பசால்ட் படுக்கைகள் படிப்படியாகக் கிடக்கின்றன. அசந்தா, எல்லோராக் குகைகள் குடைந்தது அந்தப் பாறையில்தான். வயது சுமார் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகள். மேற்குத் தொடர்ச்சி மலையில் அடியிலிருந்து மேலே ஏறினால் முதலில் நேர்த்திசை, நடுவில் தடித்த தலைகீழ்ப் பகுதி, உச்சியில் மீண்டும் நேர்த்திசை. இத்தனை பெரிய குவியலுக்குள் இரண்டே இரண்டு மாற்றங்கள்தான் பதிந்திருக்கின்றன. அந்தத் தலைகீழ்க் காலம் சுமார் 7 இலட்சம் ஆண்டுகளே நீடித்தது. ஆகவே குழம்பின் பெரும்பகுதி குறுகிய காலத்தில் கொட்டியிருக்க வேண்டும் என்று வின்சென்ற் கூர்த்தியோவும் அவருடைய குழுவினரும் 1986இல் வாதிட்டார்கள். டைனோசர்கள் அழிந்ததும் அந்தத் தலைகீழ்க் காலத்துக்குள்தான்.

இந்தியா ஒரு காலத்தில் வெகு தெற்கே இருந்ததைத் தக்காணப் பாறை காட்டுகிறதாமே. திசைகாட்டி அம்பு வடக்கு தெற்கைத்தானே சொல்லும், தூரத்தை எப்படிச் சொல்லும்?

அம்புக்குச் சாய்வும் உண்டு. கிடையாக மட்டும் சுழலும் கடைத் திசைகாட்டியில் அது தெரியாது. காந்த மத்தியகோட்டில் புலம் நிலத்துக்குச் சமாந்தரமாகப் படுத்திருக்கும். முனைகளை நோக்கிப் போகப் போகச் செங்குத்தாகும். தொடர்பு எளியது: சாய்வுக் கோணத்தின் தான்சன், அகலாங்கின் தான்சனைப் போல இரண்டு மடங்கு. தக்காணத்தில் சாய்வு தோராயமாக 45 முதல் 50 பாகை. கணித்துப் பாருங்கள், அகலாங்கு 26 முதல் 31 பாகை வரை வரும்.

வடக்கா தெற்கா என்பது அடுத்த சிக்கல். தக்காணத்தின் ஒரு தொகுதிப் பாறைகளில் அம்பு வடக்கிலிருந்து சற்று மேற்கே விலகி மேல்நோக்கியும், மற்றத் தொகுதியில் அதற்கு நேர் எதிராகத் தெற்கிலிருந்து சற்றுக் கிழக்கே விலகிக் கீழ்நோக்கியும் நிற்கிறது. வடக்கு நோக்கி மேலே எழும் அம்பு தென்னரைக் கோளத்தின் நேர்த்திசைக்குரியது. ஆகவே அந்த நிலம் தெற்கே 30 பாகைக்கு அருகில் இருந்தது. இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பகுதி வடக்கே 18 பாகையில். ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர் என்று வைத்தால் 5,000 கிலோமீற்றர் அளவுக்கு வடக்கே வந்திருக்கிறது. ஆண்டுக்குச் சராசரி 7, 8 சென்றிமீற்றர். இலங்கையும் அதே தட்டில் இருப்பதால் நாமும் கூடவே வந்தோம். 1950களில், கண்டங்கள் நகர்கின்றன என்பதைப் பலர் ஏற்க மறுத்த காலத்தில், இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பற்றிக் பிளக்கெற்றின் குழு இந்தத் தக்காணப் பாறைகளை அளந்து நகர்வுக்குச் சான்று தந்தது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பக்கம் இதுதான்.

இந்து சமுத்திரத்தின் அடியிலும் வரிவரியாக இருக்கிறதாமே?

ஆம். கடலடி முகடுகளில் குழம்பு வெளியே வந்து உறைந்து இரு பக்கமும் விலகிப் போகிறது. விலகும் காலத்தில் புலம் மாறினால் அடுத்த பசால்ட் பட்டை எதிர்த்திசையில் பதியும். அதனால் முகட்டின் இரு பக்கமும் ஒத்த வரிகள். 1962இல் பிரித்தானியக் கப்பலான ஓவன், நமக்கு மேற்கே, அராபியக் கடல் பக்கமுள்ள கார்ல்ஸ்பேர்க் முகட்டின் மேல் காந்தமானியை இழுத்துச் சென்று அளந்தது. அந்த அளவீடுகளை வைத்து பிரெட் வைனும் டிரமண்ட் மத்தியூசும் 1963இல் இந்த விளக்கத்தை வெளியிட்டனர். கனடாவில் லோரன்ஸ் மோர்லியும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார். அவருடைய கட்டுரையை இதழ்கள் ஏற்கவில்லை.

இத்தனை கோடி ஆண்டில் மின்னல் விழுந்திருக்கும், மழை அரித்திருக்கும். பழைய திசை கெடாமல் இருக்கும் என்று எப்படி நம்புவது?

நம்பக் கூடாது, சோதிக்க வேண்டும். மின்னல் உண்மையிலேயே பாறையை மீண்டும் காந்தமாக்கிவிடும். மலை உச்சிப் பாறைகளில் இது பெரிய தொல்லை. இன்றைய புலத்தின் கீழ் நெடுங்காலம் கிடப்பதாலும் ஒரு மெல்லிய புதுக் காந்தம் மேலே ஏறும்.

அதனால் மாதிரியைக் காந்தப்புலம் புகாத அடுப்பில் வைத்துப் படிப்படியாகச் சூடாக்கி ஆறவிடுவார்கள். ஒவ்வொரு படியிலும் பலவீனமான புதிய காந்தம் முதலில் கழன்றுபோகும். உறுதியான மூலத் திசை கடைசியில் எஞ்சும். களத்திலும் சோதனைகள் உண்டு. புரூன் செய்த சுட்ட களிமண் சோதனை இன்றும் பயன்படுகிறது. மடிந்த பாறைப் படைகளை மனக்கணக்கில் நிமிர்த்தினால் அம்புகள் ஒரே திசையில் சேர்கின்றனவா என்று பார்ப்பது இன்னொன்று. சேர்ந்தால், மடிப்பதற்கு முன்பே பதிந்த காந்தம் அது. மாதிரி எடுக்கும்போது சூரியத் திசைகாட்டி வைத்திருப்பார்கள், ஏனென்றால் பசால்ட் சாதாரணத் திசைகாட்டியின் ஊசியையே இழுத்துவிடும்.

ஒரு மாற்றம் நடந்து முடிய எவ்வளவு காலம் எடுக்கும்? ஒரே நாளில் நடக்கலாமா?

பொதுவாகச் சில ஆயிரம் ஆண்டுகள். அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் ஸ்டீன்ஸ் மலைப் பசால்ட்டை வைத்து, மாற்றம் நடந்தபோது புலம் நாளொன்றுக்கு 6 பாகை வரை திரும்பியது என்று 1995இல் ஒரு குழு எழுதியது. பலர் இன்னும் அதையே எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் அந்தக் குழுவின் தலைவரான ரொபர்ட் கோ உட்பட்டவர்கள் மீண்டும் ஆராய்ந்து, மேலே ஓடிய புதுக் குழம்பு கீழ்ப் பாறையைச் சூடாக்கியதால் வந்த தோற்றம் அது என்று 2014இல் தாமே தெளிவுபடுத்திவிட்டனர்.

அரைகுறையாக நின்ற மாற்றங்களும் உண்டு. பிரான்சின் லாஷாம்ப் எரிமலைப் பாறையில் 1967இல் கண்டறிந்தது, சுமார் 41,000 ஆண்டுகளுக்கு முன் நடந்தது. புலம் தலைகீழாகி, சில நூற்றாண்டுகளில் பழைய திசைக்கே திரும்பிவிட்டது.

அது நடந்தால் நாங்கள் அழிந்துபோவோமா? வீடியோவில் பயங்கரமாகச் சொல்கிறார்கள்.

அழிய மாட்டோம். லாஷாம்ப் நிகழ்வின்போது மனிதர் இருந்தனர், பிழைத்தனர். புரூன் காலம் தொடங்கும்போது நம் முன்னோடிகளான நிமிர்நிலை மனிதர் இருந்தனர். 180 மாற்றங்களில் எதையும் பேரழிவு ஒன்றோடு உறுதியாக இணைக்க முடியவில்லை. மாற்றத்தின்போது புலம் பலவீனமாகும், முற்றாக இல்லாமல் போகாது. விண்கதிர்களைத் தடுப்பதில் வளிமண்டலத்துக்கும் பெரும் பங்கு உண்டு.

உண்மையான கவலைகள் வேறு: செய்மதிகள், மின்வழங்கல் வலைகள், துருவப் பாதை விமானங்கள். 1830களில் முறையான அளவீடு தொடங்கிய பின் பிரதான புலம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. இப்படிக் குறைந்து பின் கூடுவது முன்பும் பல தடவை நடந்ததுதான். பயத்தைப் பரப்பிப் பார்வைகளைக் கூட்டும் வீடியோக்களைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டாதீர்கள்.

அப்போது பறவைகள் வழி தவறிவிடாதா?

ஐரோப்பிய ரொபின் பறவையை வைத்து ஜேர்மனிய அறிஞர்களான வில்ற்ச்கோ தம்பதியர் 1972இல் காட்டியது: அது வடமுனை, தென்முனை என்று பார்ப்பதில்லை, புலத்தின் சாய்வைப் பார்க்கிறது. முழுதாகத் தலைகீழான புலத்திலும் சாய்வு அப்படியே இருக்கும். இடைப்பட்ட குழப்பக் காலம் கடினமாக இருக்கலாம். ஆனால் பறவைகள் சூரியனையும் விண்மீன்களையும் பார்க்கின்றன.

வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்பதற்கு இந்தக் காந்தம்தான் காரணமா?

அந்த வழக்கம் நம் சாவுச் சடங்குகளோடும் நம்பிக்கையோடும் சேர்ந்தது. அதைக் கைக்கொள்பவர்கள் கைக்கொள்ளட்டும். அதற்குக் காந்தத்தைக் காரணமாக ஒட்டுவது பொருந்தாது. குருதியில் உள்ள இரும்பு மக்னடைட்டைப் போன்றதல்ல. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் சிறு காந்தமே புவிக் காந்தத்தைவிடப் பல மடங்கு வலியது.

செங்கல் சூளையிலும் பதிந்திருக்குமா?

பதிந்திருக்கும். மண்ணில் உள்ள இரும்புக் கனிமங்கள் சூளையில் கியூரி வெப்பநிலையைத் தாண்டி, ஆறும்போது புலத்தின் திசையை ஏற்கின்றன. சூளைச் சுவர் அசையாமல் அதே இடத்தில் இருந்தால் திசையும் கிடைக்கும். பானை என்றால், அம்மியைப் போல, எப்படி வைத்துச் சுட்டார்கள் என்று தெரியாது. ஆனால் புலத்தின் வலிமையை அதிலிருந்தும் அளக்கலாம். சில ஆயிரம் ஆண்டுக் கணக்குக்கு இது உதவும், தலைகீழ் மாற்றத்தைப் பார்க்க உதவாது.

எங்கள் ஊர் காந்த மத்தியகோட்டுக்குப் பக்கம் என்றால், இங்கே ஒரு பாறை நேரா தலைகீழா என்று சாய்வை வைத்து எப்படிச் சொல்வது?

சொல்ல முடியாது. மிகக் கூர்மையான கேள்வி இது. தென்னிந்திய முனைக்கும் இலங்கையின் வடக்குக்கும் அருகால் காந்த மத்தியகோடு போகிறது. இந்தியா 1963இல் தன் முதல் ரொக்கெட்டை ஏவக் கேரளத்தின் தும்பாவைத் தேர்ந்ததும் இதனால்தான். இங்கே நேரோ தலைகீழோ அம்பு படுத்தே கிடக்கும். அது வடக்கே பார்க்கிறதா தெற்கே பார்க்கிறதா என்பதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். மத்தியகோட்டுக் கடல்களின் அடியிலிருந்து உருளையாகத் துளைத்தெடுக்கும் படிவுத் தூண்களில் இது பெரும் சிக்கல்: தூண் துளைக்கும்போதே சுழன்றுவிடுவதால் வடக்கு எது என்று தெரியாது, சாய்வும் கைகொடுக்காது.

மேலே சொன்ன சாய்வுச் சமன்பாட்டைப் போட்டுப் பார்த்தேன், யாழ்ப்பாணத்துக்கே சரிவரவில்லையே, ரீச்சர்?

யாழ்ப்பாணம் வடக்கே 9.7 பாகை. தான்சன் சமன்பாட்டின்படி சாய்வு கிட்டத்தட்ட 19 பாகை வர வேண்டும். உண்மையில் சில பாகைகளே. இலண்டனில் சாய்வு சுமார் 66 பாகை. அது ஓரளவு பொருந்தும். ரொறன்ரோவில் 70ஐ ஒட்டி வரும். சமன்பாட்டின்படி அந்த நகரம் இருப்பதைவிட வெகு வடக்கே இருக்க வேண்டும். காந்த அச்சு சுழற்சி அச்சோடு இன்று பொருந்தவில்லை, புலத்திலும் மேடுபள்ளங்கள் உண்டு. பல்லாயிரம் ஆண்டுச் சராசரியில்தான் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகின்றன. ஒரே குழம்பு ஓட்டம் சில மாதங்களில், ஆண்டுகளில் ஆறிவிடும். அது ஒரு கணத்தின் புலத்தையே காட்டும். அதனால்தான் தக்காணத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பல ஓட்டங்களை அளந்து சராசரி எடுத்தார்கள்.

நாங்கள் வீட்டில் செய்து பார்க்க ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. காந்தமாக்காத தையல் ஊசி ஒன்றை நடுவில் நூலால் கட்டி, கிடையாக நிற்கும்வரை முடிச்சை நகர்த்துங்கள். ஒரு துளி பசை போட்டு முடிச்சை இறுக்குங்கள். பிறகு காந்தத் துண்டால் ஒரே பக்கமாகப் பல தடவை தேய்த்து, யன்னல் கம்பிக்கும் இரும்புக் கதவுக்கும் தள்ளித் தொங்கவிடுங்கள். இங்கே ஊசி வடக்கே திரும்பும், ஏறத்தாழக் கிடையாகவே நிற்கும். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் மச்சானையோ சித்தியையோ அன்றே அதைச் செய்யச் சொல்லிப் படம் அனுப்பச் சொல்லுங்கள். அங்கே வடமுனை நிலத்தை நோக்கி வெகுவாகச் சரியும். இரண்டு படங்களிலும் கோணமானியை வைத்து அளந்து, சமன்பாட்டில் இட்டு, வந்த அகலாங்கை நிலப்படத்தோடு ஒப்பிட்டு வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.